டீ டைமில் விழுந்த ஓட்டுகள்

போன வாரம் ஒரு ஓட்டுப் போட்டேன். விரலில் மை இல்லை, க்யூ இல்லை. தோசையைத் திருப்பிக்கொண்டே போனில் போட்டது. யாருக்கு என்கிறீர்களா? ஒரு கிரிப்டோ காயினுக்கு!

சிரிக்காதீர்கள். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் கோகுல் உருவாக்கிய காயின் அது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிவிட்டான். பனியன் வேஸ்ட்டைக் குப்பையில் கொட்டாமல் மறுசுழற்சிக்குத் தரும் யூனிட்டுகளுக்கு இந்தக் காயின் கிடைக்குமாம். பொறுமையாக விளக்கினான். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அவன் மனைவி ரேவதிக்கு அதுவும் புரியவில்லை... அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவள். ஒற்றைச் சம்பளத்தில் குடும்பத்தை இழுக்கிறவளுக்குக் கோபம் வராதா?

இந்த நிலையில்தான் அந்தப் போட்டி வந்தது. ஆன்லைனில் காயின்களை ஜோடி ஜோடியாக மோதவிடுவார்கள். பொதுமக்கள் ஓட்டுப் போட வேண்டும். தோற்றது வெளியே, ஜெயித்தது அடுத்த ரவுண்டுக்கு. கடைசிவரை ஜெயிக்கும் காயினை, காயின் வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். ரேவதி கண்டிஷன் போட்டுவிட்டாள்.

"இதுல தோத்தீங்கன்னா பேசாம பழைய வேலைக்கே போயிரோணுமுங்க."

அவனும் தலையாட்டிவிட்டான்.

நம்புவீர்களா... செமி ஃபைனல் வரை வந்துவிட்டான்! எதிரி, நாய் மூஞ்சி போட்ட ஒரு வெளிநாட்டுக் காயின். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியாது. ஆனால் ஓட்டு மட்டும் கொட்டுகிறது. கோகுல் சோறு தண்ணி இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் ரேவதி என்ன செய்தாள் தெரியுமா? அவன் தோற்றால் அவள் நினைத்தது நடக்கும். ஆனாலும் அவனிடம் மூச்சுவிடாமல், கம்பெனியில் டேபிள் டேபிளாகப் போய் ஓட்டுக் கேட்டிருக்கிறாள். "ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரரு காயினுக்கு ஒரு ஓட்டுப் போடுங்க." தென்காசிப் பெண்களிடம் கெஞ்சல், ஒடிசாப் பையன்களிடம் அரைகுறை ஹிந்தி. டேட்டா தீர்ந்துவிட்டது என்றவர்களுக்காக ஓனரிடம் பேசி ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டையே வாங்கிவிட்டாள். டீ பெல் அடித்தது, தையல் லைன் நின்றது. அத்தனை பேரும் ஒரே மூச்சாகப் போனைத் தட்டினார்கள்.

நாய்க் காயின் பின்தங்கிவிட்டது! கோகுல் தடதடவென்று படியிறங்கி வந்து என்னிடம் போனைக் காட்டினான். யார் போட்ட ஓட்டு என்று அவனுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து மெயில் வந்தது. ஒரே வைஃபையிலிருந்து, ஒரே பத்து நிமிடத்தில் விழுந்த ஓட்டுகள். மனிதர்கள் போட்டிருக்க வாய்ப்பில்லை. ஏதோ சாஃப்ட்வேர் போட்ட கள்ள ஓட்டு. எல்லாம் செல்லாது, காயின் வெளியே.

"நான் அப்படியெல்லாம் பண்ணுவனுங்களாக்கா?" என்றான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரேவதி வேலை முடிந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அப்போதுதான் சொன்னாள். "நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்" என்று ஒரே அழுகை.

"நீயா ஓட்டுக் கேட்ட? எனக்காகவா புள்ள?" அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டான் அந்த மனுஷன்.

இருவரும் உட்கார்ந்து நடந்ததை விளக்கி எழுதி அனுப்பினார்கள். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. டீ பெல் அடித்தால்தான் திருப்பூரில் கைக்கு ஓய்வு — இது எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆயுசு பூராவும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்து இன்னொரு மெஷின், நீங்கள் மனிதர்களே இல்லை என்கிறது. கோபம் வருமா, வராதா?

"செரி, சொன்ன மாதிரி திங்கக்கெழம வேலைக்குப் போயிர்றேன்" என்றான் கோகுல்.

ரேவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்குங்க போறீங்க? எங்க செக்கிங் புள்ளைகள மனுசங்களே இல்லீன்னு சொல்லிப்போட்டானுங்க... சும்மா உடறதுங்களா? அடுத்த போட்டிக்குப் பேரக் குடுங்க. நான் ஊடு ஊடாப் போயி ஓட்டுக் கேக்கறனுங்க!"

செல்லாத ஓட்டுகள் கிடக்கட்டும்... இத்தனை நாளாக விழாமல் இருந்த ஓட்டு அன்றைக்குத்தான் விழுந்தது.