இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே காணாமல் போன வீடு

கம்பக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கம்பத்தை நிமிர்த்துவதைப் பார்த்து ஓடிவந்து, "எங்க தெருவுல லைட்டு எரியல, அதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்று கேட்டவர்கள் உண்டு. அவரும் கோபப்படாமல், "நான் லைட்டுக்காரன் இல்லைங்க, படம் எடுக்கறவன்" என்பார். கேட்டவர் நம்பாமல் அண்ணாந்து பார்ப்பார். மூன்று மாடி உயரத்தில், கம்பத்தின் நுனியில், ஒரு சின்னக் கேமரா உட்கார்ந்திருக்கும்.

ட்ரோன் இருக்கிற காலத்தில் எதற்கு இந்தப் பாடு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, மனுஷர் உட்காரவைத்துப் பேசிவிடுவார். ரொம்ப உயரத்திலிருந்து பார்த்தால் எல்லா வீடும் வெறும் கூரைதான். மொட்டைமாடியில் நின்று எட்டிப் பார்க்கிற உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். ஜன்னலும் தெரியும், அதற்குள் காயும் துணியும் தெரியும், ஊர் எதுவரை போகிறது என்பதும் தெரியும். அந்த உயரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டால் நாய் குரைக்கும், ஆட்கள் படபடவென்று ஜன்னலைச் சாத்துவார்கள். கம்பம் வாய் திறக்காது.

அத்தனை அகலமும் ஒரே படத்தில் அடங்காது. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாக எடுக்க வேண்டும். முந்தைய படத்தில் வந்ததில் மூன்றில் ஒரு பங்காவது அடுத்த படத்திலும் வர வேண்டும்; அந்தப் பொது இடத்தை அடையாளம் வைத்துத்தான் கணினி படங்களை ஒட்டும். வெளிச்ச அளவை முதலிலேயே பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வானம் ஒட்டுப்போட்ட போர்வையாகிவிடும். காற்றடித்துக் கம்பம் ஆடினால் அது அடங்கும்வரை கம்பக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மூச்சுக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தமோ, அது அவருக்கே வெளிச்சம்.

இந்தப் பைத்தியத்துக்காகத்தான் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த வேலையை விட்டார். அன்றிலிருந்து மாமியார் அவரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. மாப்பிள்ளை என்ற சொல் மட்டும் அந்த அம்மாள் வாயைவிட்டுப் போய்விட்டது. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் மகளைப் பார்த்து, "உன் வீட்டுக்காரரச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். அவரும், "இதோ வர்றேன்னு சொல்லு" என்பார். நடுவில் மனைவி தபால்காரியாகிக் களைத்துப்போவாள்.

புது நூலகத்தின் வாசல் கூடத்தில், சுவர் நீளத்துக்கு அந்தப் பகுதியின் படம் ஒன்றை வைப்பதாக முடிவாகி, வேலை கம்பக்காரரிடம் வந்தது. மாமியாரின் வீடும் அதில் வரும். மகள் சொன்னபோது அந்த அம்மாள் பிடி கொடுக்காமல் "ஓகோ" என்றதோடு சரி. ஆனால் படம் சுவரில் ஏறிய மறுநாளே, திறப்புவிழா வரை பொறுக்க மாட்டாமல், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போய்விட்டார்.

மனைவி மத்தியானம் முகம் செத்துப்போய் வந்து நின்றாள்.

"அம்மா வீடு படத்துல இல்லையாமே. பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி தேடு தேடுன்னு தேடியிருக்காங்க. பழசெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு உன் வீட்டுக்காரர் என்னை அழிச்சிட்டார்ங்கறாங்க. இனிமே நம்ம வீட்டு வாசல மிதிக்க மாட்டாங்களாம்."

மாமியார் பேசாமல் இருந்ததைக் கம்பக்காரர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். வராமலே போனால், அம்மாவின் வருகையை நம்பியே வாரத்தை ஓட்டுகிற மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நூலகத்துக்கு ஓடினார். மாமியாரின் ஒடுக்கமான மாடிவீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் உண்டு. படத்தில் ஒரே ஒரு கட்டிடம்தான் இருந்தது. ஒட்டு தெரியவில்லை, ஒரு கோடுகூட பிசகவில்லை. கோடு உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பியவர் அவர்தான்.

அன்று சாயங்காலமே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு மாமியார் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் குழாய் சரிசெய்ய ஆள் வந்தால்கூடப் பக்கத்திலேயே நின்று, அது என்ன, இது எதற்கு என்று குடைந்தெடுப்பார். கம்பக்காரர் சாப்பாட்டு மேசையில் படங்களை விரித்ததும் கால் தானாக அங்கே வந்தது.

"ஒரே எடத்த எதுக்கு ரெண்டு ரெண்டு தடவ எடுத்திருக்கார்னு கேளு."

"அப்பதான் கம்ப்யூட்டருக்கு எதோட எத ஒட்டணும்னு தெரியும்னு சொல்லு" என்றார் கம்பக்காரர். "இந்தப் படத்துல இடது பக்கத்துக் கட்டடம். அடுத்ததுல வலது பக்கத்துக் கட்டடம். ரெண்டுக்கும் ஒரே ஜன்னல், ஒரே பெயின்ட். கம்ப்யூட்டர் ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு ஒண்ணுமேல ஒண்ண வச்சிடுச்சு. நடுவுல இருந்த வீடு உள்ள போயிடுச்சு."

"ரெண்டும் ஒருத்தரே கட்டினது" என்றார் மாமியார், யாருக்கும் என்றில்லாமல். "தபால்காரரே மாத்திப் போட்டுட்டுப் போவார்."

கம்பக்காரர் தவறான அடையாளப் புள்ளிகளை நீக்கிவிட்டு, தன் கையாலேயே சரியான புள்ளிகளை வைத்தார். பிறகு ஒரு படத்தைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் இழுத்தார். ஒன்றாய்க் கிடந்த கட்டிடம் இரண்டாகப் பிரிந்தது. நடுவிலிருந்து முதலில் ஒரு தண்ணீர்த்தொட்டி வந்தது, பிறகு துணி காயும் கொடி, பச்சை ஜன்னல், கடைசியில் முழு வீடும் வந்து நின்றது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை மகள் பார்த்தாள்.

"இன்னொரு தடவ பண்ணச் சொல்லு" என்றார்.

கம்பக்காரர் வீட்டை மறுபடி மூடித் திறந்து காட்டினார். மூன்றாம் தடவையும் காட்டினார். அதற்குள் மாமியாரின் விரல், கேமராவைக் கீழே சாய்த்து எடுத்த கீழ்வரிசைப் படம் ஒன்றில் போய் நின்றது. தெருவில் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி, முகத்தை அண்ணாந்து, ஒரு மனிதன் நின்றிருந்தான்.

"இது யாருன்னு கேளு."

"நான்தான்" என்றார் கம்பக்காரர். "கம்பத்தோட அடியும் நானும் படத்துல விழுந்துடுவோம். அந்த எடத்துமேல எப்பவும் பக்கத்து ரோட்டப் போட்டு மூடிடுவேன். பாக்கறவங்களுக்குப் படம் அந்தரத்துல இருந்து தானா எடுத்த மாதிரி இருக்கணும்."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

மாமியார் மகளைப் பார்க்கவில்லை. கம்பக்காரர் முகத்தையே பார்த்தார்.

"என் வீட்ட மறைச்சது தெரியாமப் பண்ணது. உங்கள மறைக்கறத மட்டும் தெரிஞ்சேவா பண்றீங்க?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கம்பக்காரரிடம் அதைக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ரோட்டைப் போட்டு மூடாமலே படத்தைச் சேமித்தார்.

நூலகத் திறப்புவிழாவுக்குள் புதுப்படம் சுவரில் ஏறிவிட்டது. அன்று மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களை மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர்த்தொட்டியும் பச்சை ஜன்னலும் இருக்கிற இடத்தை அவர்களே கண்டுபிடித்து, "இதோ இருக்கு உங்க வீடு" என்று காட்டினார்கள். அந்த அம்மாள் அங்கே நிற்காமல் கொஞ்சம் நகர்ந்து போய், படத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அத விடுங்க. கம்பத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கறார் பாருங்க, அவர்தான் எங்க மாப்பிள்ளை."