ஈறுக்குள் வைத்த நூல்

என் இடது கால் கட்டைவிரலை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய, திருப்பதி டாக்டர் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு மாதமாக ஆறாத புண். இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. அன்று என்ன தோன்றியதோ, வாயைத் திறக்கச் சொன்னார். ஈறை அழுத்தினார், சீழ் வந்தது. உடனே பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டார். கால் புண்ணுக்கு வாயைப் பார்க்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல என்று எனக்கு எரிச்சல்.

பல் டாக்டர் சின்னப் பெண். "ஈறுல சீழ் இருந்தா சுகர் இறங்காதும்மா. சுகர் இறங்கலன்னா புண்ணு ஆறாது" என்றாள். பல்லையெல்லாம் சுத்தம் செய்து, கீழ்வரிசை ஈறுக்குள் மருந்து தோய்த்த மஞ்சள் நூல் ஒன்றைச் சுருட்டி வைத்தாள்.

"இது உள்ளயே இருந்து மருந்து விடும். பத்து நாள் கழிச்சி நானே எடுப்பேன். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. அர்த்தமாயிந்தா?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் ரேணிகுண்டா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பும்போது புத்தூர் வருவதற்குள் பஸ்ஸில் தூங்கிவிட்டார். என் தாலிச்சரட்டில் நாலு ஊக்கு எப்போதும் தொங்கும். முள் எடுக்க, புடவை குத்த, பல் குத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் பக்கம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். ஈறில் ஏதோ உறுத்தியது. கை தானாகப் போய் ஊக்கை அவிழ்த்தது. நெம்பினேன். முழு நூலும் ஊக்கு முனையில் வந்துவிட்டது.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று உள்ளுக்குள் அலறினேன். அவரை எழுப்பினால் பஸ்ஸிலேயே கத்துவார் என்ற பயம். நூலை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். தினமும் காலையில் "மருந்து இருக்குதா?" என்று கேட்பார். "இருக்குது" என்பேன்.

பத்தாம் நாள் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. விரலைச் சுற்றிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. பல் டாக்டர் என் வாயைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள். "நூல் காணோமே" என்றாள், மெதுவாக.

என் வீட்டுக்காரர் எகிறினார். "ஒழுங்கா வச்சிருந்தா எங்க போவும்? படிச்சிட்டு வந்து இன்னா வைத்தியம் பண்ற நீ?"

வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பொண்ண திட்டாத. அன்னிக்கி பஸ்ஸுல நான்தான் ஊக்கால நோண்டி எடுத்துட்டேன்."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். "வெரலு போயிடும்டி" என்றார்.

அந்த வாரமே விரலை எடுத்தார்கள். அன்றைக்கே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியிருந்தால் விரல் தங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. தினமும் கட்டுப் பிரித்து, காலைத் துடைத்து, மருந்து போடுகிறார். ஒரு வார்த்தை திட்டித் தொலைக்கலாம். திட்ட மாட்டேன் என்கிறார்.