சனி ஞாயிறு ஆமி

ஊரைவிட்டு வந்து குடியேறிய மல்வேர்னில், எங்கள் வீட்டின் நிலத்தடி அறையான பேஸ்மண்டில் உட்கார்ந்து தேர்தல் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்சித் தலைவர் இளவயதில், சனி ஞாயிறுகளில் மட்டும் பயிற்சி எடுக்கும் ரிசேர்வ் படையில் இருந்தவர். வார இறுதியில் அணிவகுத்ததை வைத்துப் போர்வீரர் வேடம் போடுகிறார் என்று எதிர்க்கட்சிக்காரர் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

"உவரெல்லாம் ஆமியே? சனி ஞாயிறு ஆமி! சண்டை எண்டா என்னெண்டு எங்களைக் கேக்கவேணும்" என்று எழுந்து நின்றேன்.

மச்சானின் பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். அது லேசில் கிடைக்கிற மரியாதையா? விடுவேனா? ஷெல் கூவும் சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று சொல்லிவிடுவேன் என்றேன்.

ஆட்டிறைச்சி ரோல்ஸ் தட்டோடு படியிறங்கி வந்த மனைவி அப்படியே நின்றாள். ஊரில் அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஷெல்லடிக்குப் பயந்து எங்கள் வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள்தான் இரண்டு குடும்பமும் ஒளிந்தோம்.

"ஓம் பிள்ளையள், சத்தம் கேக்க முந்தியே மாமா பங்கருக்குள்ள நிப்பார். உங்கட அப்பாவை இடிச்சுத் தள்ளிப்போட்டுப் போய் மூலையைப் பிடிச்சிடுவார். அப்பவும் நிலத்துக்குக் கீழ, இப்பவும் நிலத்துக்குக் கீழ."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் விவாதமே கேட்கவில்லை. நான் ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியபோது அந்தத் தலைவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தான் போருக்குப் போனதாக ஒருநாளும் சொன்னதில்லையாம்.

அதைச் சொல்ல எனக்கும்தான் வாய் இருந்தது. அதற்குள் ரோல்ஸ் இருந்தது.