படகில் கொட்டிய ஊதா மருந்து

பேரன் மகளுக்கு வாயில் புண். மருந்துக்கடைக்குப் போய், "அந்த ஊதா மருந்து ஒரு பாட்டில் குடுப்பா" என்றேன். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க பாட்டி" என்று நிறமே இல்லாத ஒரு களிம்பைக் கையில் வைத்தான். உங்களுக்கு நினைவிருக்கும். நாக்கில் தடவினால் உதடு, பல், சட்டைக் காலர் எல்லாம் ஊதாவாகிவிடும், சோப்புக்கும் அசையாது. எல்லோரும் அதைத் திட்டுவார்கள். எனக்கு மட்டும் திட்ட வாய் வராது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜீயபுரத்தில் பிரசவ விடுதி நர்சாக இருந்தேன். விடுதி காவிரியின் தென்கரையில். நான் பார்க்க வேண்டிய வீடுகளில் பாதி அக்கரையில், ஸ்ரீரங்கம் தீவின் மேற்குக் கோடி வாழைத் தோப்புகளுக்குள். பஸ் பிடித்துத் திருச்சி, ஸ்ரீரங்கம் என்று சுற்றி, அங்கிருந்து நடந்து போனால் பொழுதே போய்விடும். பரிசல் உண்டு. அது சுற்றுகிற சுற்றில் எனக்கே யாராவது வைத்தியம் பார்க்க வேண்டும். ஆடியில் ஆறு பெருகிவிட்டால் பரிசல்காரரும் இறங்க மாட்டார்.

எங்களைக் கரை சேர்த்தது ஓர் அலுமினியப் படகு. ஏதோ ஒரு வெள்ளத்தில் நிவாரணத்துக்கு வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. அதை ஓட்டிய சூசை அண்ணன் மரப்படகிலேயே வளர்ந்தவர். இதைச் சோறு வடிக்கிற 'குண்டான்' என்றுதான் சொல்வார். வெயில் நேரத்தில் பலகையில் உட்காராமல் அடியில் உட்கார்ந்து பாருங்கள், பெயர்ப் பொருத்தம் தெரியும்.

அந்த வருஷம் குண்டான் ஒழுக ஆரம்பித்தது. அக்கரை போவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணன் தண்ணீரை இறைத்துவிட்டு, கவிழ்த்துப்போட்டுத் தடவித் தடவித் தேடுவார். அடிப்பாகம் முழுக்க நசுங்கலும் கீறலும். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் தார் பூசினார். "எங்க ஊறுதுன்னே தெரியலைங்க நர்சம்மா" என்று தலையில் கைவைத்தார். பார்க்க வந்த பொதுப்பணித்துறை ஓவர்சியர், "ஒழுகுற படகுல ஆளை ஏத்தக் கூடாது. அடுத்த வாரம் லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

அக்கரையில் மாரியாயி நிறைமாதமாக இருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை ஆடி வெள்ளத்தில், யாரும் ஆற்றைத் தாண்டி வர முடியாமல், பிறந்த கையோடு போய்விட்டது. "இந்த வாட்டி வந்துருவீங்கல்ல?" என்று என் கையைப் பிடித்தாள். "வந்துருவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். படகு போய்விட்டால் எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

லாரி வரும்வரைக்கும் என்று அண்ணன் ஓட்டிய அதே படகில், அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. படகு கரையில் இடித்த இடியில் என் பை கவிழ்ந்து, அன்றுதான் பிரித்த பெரிய மருந்து பாட்டில் உடைந்தது. தேங்கியிருந்த தண்ணீர், என் வெள்ளைப் புடவை, கை எல்லாம் ஊதா. நான் அழுதேவிட்டேன். அண்ணனும் கரையில் நின்ற அவர் மனைவி மேரியும் என்னைத் தேற்றுகிற அவசரத்தில் தண்ணீரை இறைக்காமலேயே படகை இழுத்து, இரண்டு வாழை மரத் துண்டுகள் மேல் ஏற்றி வைத்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். படகுக்கு அடியில், ஒரு ஆணித் தலையை ஒட்டி, விரல் நீளத்துக்கு மெல்லிய ஊதாக் கோடு. அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அண்ணே, இங்க பாருங்க!"

அண்ணன் மல்லாந்து படுத்துப் பார்த்தார். "அடி கள்ளி, இங்கயா இருக்கே?" என்றார் படகைப் பார்த்து. மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அரியமங்கலம் பட்டறையில் வேலை பார்த்த அவர் மச்சான் மறுநாள் பஸ்ஸில் வந்தார். முதல் வேலையாக விரிசலின் இரண்டு நுனியிலும் பொடி ஓட்டை போட்டார். நான் பதறிப்போனேன். "இப்படிப் போட்டாத்தாங்க விரிசல் மேற்கொண்டு ஓடாது" என்றார். ஒட்டுப்போட அலுமினியத் தகடு கொண்டுவர மறந்துவிட்டிருந்தார். ஓடிப்போய் என் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்தேன். வேலைக்குக் கிளம்பியபோது அம்மா கொடுத்தது, நடுவில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்த நடுப்பாகத்தை வெட்டி, பெயிண்டில் தோய்த்த துணியை அடியில் வைத்து, உள்பக்கமாக ரிவிட் அடித்தார். அதற்குப் பிறகு எனக்கு வாழையிலைச் சாப்பாடுதான். ஜீயபுரத்தில் இலைக்கா பஞ்சம்?

படகு நிறையத் தண்ணீர் ஊற்றி ஓவர்சியருக்குக் காட்டினோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. "சரி, இருக்கட்டும்" என்று போனார். லாரி வரவில்லை.

நாலைந்து நாளில், விடிகிற நேரம், அக்கரையில் மாரியாயியின் புருஷன் துண்டை வீசிக் கூப்பிட்டார். காவிரி இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றைப் பார்க்கத் தைரியமில்லாமல் காலடியில் அம்மாவின் பெயரையே பார்த்துக்கொண்டு போனேன். தனபாக்கியம். அக்கரை சேரும்வரை அது நனையவில்லை.

மாரியாயி என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்க" என்றாள். பெண் குழந்தை. ஊர் கேட்க அழுதது. சாயம் போகாத என் விரல்களைப் பார்த்து மாரியாயி சிரித்த சிரிப்புக்கு, நான் எத்தனை பாட்டிலை வேண்டுமானாலும் உடைக்கலாம். ஓவர்சியருக்கு, மச்சானுக்கு, மேரிக்கு, எல்லோரையும்விட சூசை அண்ணனுக்கு நான் கடன்பட்டவள்.

அண்ணன் இப்போது இல்லை. குண்டானை என்றோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம், அம்மாவின் பெயரோடு. அக்கரை வீட்டு வாசலுக்கே ஆம்புலன்ஸ் வருகிறது. கும்பிட வேண்டிய விஷயம். ஆனாலும் ஆடியில் ஜீயபுரம் வழியாகப் பஸ்ஸில் போனால், நான் ஜன்னலோரம் கேட்டு உட்காருவேன். யாரும் வீசப்போவதில்லை என்று தெரிந்தும், அக்கரையில் ஒரு துண்டைத் தேடுவேன்.