கங்காருக் கறியும் கீழ்வீட்டு ஜன்னலும்

குன்னூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். கறி, மீன், கருவாடு எதுவும் சமைக்கக் கூடாது என்பது குடிவரும்போதே அவர் போட்ட நிபந்தனை. மழைக்காலத்தில் வெறும் வெங்காயம் வதங்கினாலும் இறங்கி வந்து எங்கள் ஜன்னலோரம் நின்று மூக்கை உறிஞ்சுவார். தேயிலைத் தூள் வியாபாரி. தூளை மோந்து மோந்து தீட்டிய மூக்கு அது.

அந்த மனிதர் ஆஸ்திரேலியாவில் மகனோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே எங்கள் வாசலில் நின்று சத்துணவு வகுப்பு எடுத்தார்.

“கங்காருக் கறி சாப்பிட்டேனுங்க. கொழுப்பே கெடையாது. பூராவும் புரதம், இரும்புச்சத்து. முதலைக் கறியும் அப்படித்தானுங்க. ஒடம்புக்கு அவ்வளவு நல்லது.”

கருவாட்டு வாசத்துக்கே குமட்டுகிற வயிற்றில் ஒரு முதலை இறங்கியிருக்கிறது. விமானம் ஏறிப் போய்த் தின்றால் எந்தக் கறியும் மருந்தாகிவிடும் போலிருக்கிறது.

என் மனைவி சாதாரணமாகக் கேட்டாள். “ஏனுங்க, அதையெல்லாம் எங்க வெச்சுச் சமைச்சீங்க?”

“பையன் ஊட்லதானுங்க.”

“சொந்த ஊடுங்களா?”

“இல்லீங்க, வாடகை ஊடு.”

“ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அவரு எதுக்குங்க சொல்றாரு? அடுத்தவன் அடுப்புல என்ன வேகுதுன்னு மோந்து பாக்கறதுதான் அவருக்கு வேலையா?”

அன்று மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுத்தோம். ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தோம்.