வெண்டல் காத்திருந்த பேருந்து

வெண்டலுக்குக் கடிகாரம் பார்க்க வராது. சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் எல்லாரும் தோற்றார்கள், நானும்தான். அவன் துறைமுகத்து மீன் கொட்டகையில் பெட்டிகளில் ஐஸ் நிரப்புகிறான். மனைவி விட்டுப் போனபின் சின்ன மகள் டான்சியை அவன்தான் வளர்க்கிறான். அவனைப்போல் புத்தி மெதுவான பெற்றோருக்குப் பக்கத்துணையாக இருப்பதுதான் என் உத்தியோகம்.

கடிகாரத்துக்குப் பதிலாக நான் கண்டுபிடித்துக் கொடுத்தது படகின் சங்கு. காலையில் அக்கரைக்குப் போகும் படகு ஊதியதும் கிளம்பினால் பள்ளிப் பேருந்து கிடைத்துவிடும். சாயங்காலம் அது திரும்பி வந்து ஊதியதும் போனால் டான்சி வந்து இறங்குவாள். ஒருநாளும் தவறியதில்லை.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து திருமதி கோர்க்கம் வந்த அன்று பார்த்து மூடுபனி இறங்க வேண்டும்! டான்சி அப்பாவிடம் இருப்பதா, வேறு வீட்டுக்குப் போவதா என்பது அந்த அம்மாள் கையில். வேலியும் சாலையும் கடலும் வெள்ளையில் கரைந்து, ஊரே பாதித் தூக்கத்தில் மிதந்தது. பனி இறங்கினால் துறைமுகத்தில் விடாமல் சங்கு ஊதுவார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேருந்து வரும் நேரத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் போனோம்; வீட்டில் யாருமில்லை. அடுப்பு அணைந்திருந்தது. டான்சியின் படுக்கை ஜில்லென்று கிடந்தது.

"இந்தப் பனியில புள்ளையை எங்க கூட்டிட்டுப் போனாரு, மார்லா?" என்றார் கோர்க்கம்.

வேலியைத் தடவியபடி நடந்தோம். எங்கிருந்தோ டான்சியின் சிரிப்பு மிதந்து வந்தது. பேருந்து நிற்கும் இடத்தில், கவிழ்த்த மீன்பெட்டி மேல் இருவரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டுக்குள் அவள். அவன் வெறும் சட்டையோடு.

"மார்லா, இன்னிக்கு சங்கு நிக்கவே மாட்டேங்குது! எது நம்மளதுன்னு தெரியல. அதான் முழிப்பு வந்ததும் கேட்ட சங்குக்கே வந்துட்டோம்."

"அப்போ இருட்டா இருந்துச்சு. அப்பா என் கையை விடவேயில்ல" என்றாள் டான்சி.

"குளிரலையா?" என்றார் கோர்க்கம்.

"எனக்குக் குளிருது. அவளுக்கு இல்ல."

கோர்க்கம் கையிலிருந்த குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பனிக்குள் பேருந்தின் விளக்குகள் தெரிந்தன. கோட்டைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டுவிட்டு டான்சி ஏறினாள்.

வெண்டல் கோர்க்கத்தைப் பார்த்தான். "மேடம், சாயங்காலம் இவ இங்கதானே இறங்குவா?"

"வேற எங்க இறங்குவா? முதல்ல கோட்டைப் போடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"சங்கு இன்னும் நிக்கலையே. அவ வர்ற நேரம் எனக்கு எப்படித் தெரியும்?"