வாஜித் பாய் கடை வினிகர்

பர்மாவில், தாமுவே பகுதியில் டியூஷன் நடத்தும் சாந்தகுமாரி, வீட்டிலிருக்கும் புளிப்பான திரவங்களைச் சோதிக்கக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் காலி பாட்டில்கள் கொடுத்தாள். ஒரு பிள்ளை கொண்டுவந்த வாஜித் பாய் கடை வினிகரில் தோய்த்த அமிலச் சோதனைத் தாள், எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுஞ்சிவப்பானது. "இது வினிகரே இல்ல, ஆசிட்!" என்று சொல்லிவிட்டாள். பேச்சு தெருவெல்லாம் பரவி, கடைக்கு ஆள் வருவது குறைந்தது.

மறுவாரம் அதே கடையில் வினிகர் வாங்கிச் சோதித்தாள். தாள் வெறும் ஆரஞ்சு நிறத்தோடு நின்றது. அப்போதுதான் உறைத்தது. அன்று வினிகர் வந்தது, அவள் சரியாகக் கழுவாமல் கொடுத்த கக்கூஸ் ஆசிட் பாட்டிலில். பிள்ளைகள் கையில் அதையா கொடுத்தோம்?

மறுநாள் கடைக்குப் போய், அங்கே நின்றவர்கள் காதுபட பர்மியத்திலும் தமிழிலும் சொன்னாள்: "தப்பு என்னோடது, பாய்."

"அன்னைக்கே என்னை வந்து கேட்டிருக்கலாமே, டீச்சரம்மா," என்றார் அவர்.